மோட்டார் சாவியும் சமூக ஒப்பந்தமும்

ராத்திரி வேலை பார்க்கிறவன் தூக்கம் கெடுவதைக்கூடத் தாங்கிக்கொள்வான். பேச ஆள் கிடைக்காததைத்தான் தாங்க முடியாது. ஊர் எழும்போது நாம் படுக்கிறோம், ஊர் படுக்கும்போது கிளம்புகிறோம். இந்த அவஸ்தை உங்களில் பலருக்கும் பழக்கம்தானே?

மரக்காணம் உப்பளத்தில் நான் மோட்டார்காரன். கடல் தண்ணீர் வந்து தேங்கும் கழியிலிருந்து உப்புத் தண்ணீரை இறைத்து, முறை வைத்து அவரவர் பாத்திக்குத் திருப்பிவிட வேண்டும். எல்லாரும் சேர்ந்து வாங்கிய பொது மோட்டார். கொட்டகைச் சாவி என் இடுப்பில். ஆரோவில்லில் தோட்ட வேலை செய்யும் என் மச்சான், யாரோ கழித்துப் போட்ட தமிழ்ப் புத்தகக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். அத்தனையும் அரசியல் தத்துவம். அரசாங்கம் எதற்கு, சுதந்திரம் எதுவரைக்கும் என்று பக்கம் பக்கமாகச் சண்டை. அன்றிலிருந்து என் கால் தரையில் நிற்கவில்லை.

கையெழுத்து யார் போட்டது?

மனிதர்கள் தங்கள் சுதந்திரத்தில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து, பாதுகாப்புக்காகச் செய்துகொண்ட ஒப்பந்தம்தான் அரசாங்கம் என்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது. விடியற்காலையில் முதல் ஆளாக வந்தது அஞ்சலையக்கா. வாய்க்கால் முடிகிற இடத்தில் அவளுக்குச் சின்னப் பாத்தி. தண்ணீர் கடைசியாகத்தான் போய்ச் சேரும்.

"யக்கா, நாம எல்லாரும் ஒரு ஒப்பந்தத்துல இருக்கோம், தெரியுமா?" என்றேன். உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு முழுவதையும் கேட்டாள். பிறகு சொன்னாள்: "என்னைக் கேக்காமயே என் பேரைச் சேத்துக்குவானாம், அதுக்கு ஒப்பந்தம்னு பேரு வேறயா? நல்லா இருக்குதுடா உன் ஆளு நியாயம்!"

மண்வெட்டிப் போர்

மச்சான் வீட்டுக் கல்யாணத்துக்காக ஒரு ராத்திரி லீவு போட்டேன். சாவியைக் கொட்டகை ஆணியிலேயே மாட்டிவிட்டுப் போகச் சொன்னார்கள். ஆளுக்கு ஆள் வந்து மோட்டாரைப் போட்டு, தன் தன் மடையைத் திறந்துகொண்டார்கள். முதல் பாத்தி ஏழுமலை அண்ணனுடையது. பிரம்மதேசத்தில் நிலம் நீச்சு உள்ளவர், இங்கே பெரிய குத்தகை. தண்ணீர் மொத்தமும் அங்கேயே நின்றுவிட்டது. அஞ்சலையக்கா பாத்தி வெடித்துக் கிடந்தது.

காலையில் நான் வந்தபோது வரப்புக்கு வரப்பு மண்வெட்டியோடு நிற்கிறார்கள். அரசாங்கம் இல்லாத இடத்தில் எல்லாருக்கும் எல்லாரும் எதிரி என்று படித்தேனே, அது அப்படியே கண்ணெதிரே! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உப்பு ஏற்ற லாரியோடு வந்திருந்த கூனிமேடு ஜமால் பாய் என் தோளைப் பிடித்து உலுக்கினார்: "யோவ், இங்க மண்டை உடையப் போவுது, நீ இன்னாய்யா மாப்ள மாதிரி இளிச்சிக்கினு நிக்கற?"

பலசாலி கேட்ட வரம்

அடுத்த நாளே ஏழுமலை அண்ணன் ஒரு யோசனை சொன்னார். பெரிய மோட்டார் அவரே போடுவாராம், சாவியும் ஆளும் அவருடையது, சண்டையே வராதாம். அலுத்துப்போயிருந்தவர்கள் தலையாட்டத் தொடங்கினார்கள். என் வேலை போகும் என்பது ஒரு பக்கம். அஞ்சலையக்கா பாத்தி இனி அவர் மனசு வைத்தால்தான் நனையும்.

டீக்கடையில் அவரை மடக்கினேன். "அமைதிக்காக எல்லாத்தையும் ஒருத்தர் கையில கொடுத்துட்டா, அப்புறம் அவர்கிட்டேயிருந்து எங்களை யாருண்ணே காப்பாத்துவாங்க?" அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "ஏம்பா, ராத்திரி பூரா மோட்டார் சத்தம் கேட்டுக் கேட்டு உனக்கு மண்டையில ஏதோ நட்டு கழண்டுடிச்சி."

மேகம் கூட்டிய சபை

சாவி யாருக்கு என்று தீர்மானிக்கச் சாயங்காலம் வரப்பில் கூடினார்கள். நான் தத்துவத்தை ஆரம்பித்ததும் பாதிப் பேர் பீடி பற்றவைத்தார்கள். மீதிப் பேர் ஏழுமலை அண்ணனோடு கத்திக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கடல் பக்கம் கறுத்தது.

எங்கள் அளத்தில் ஒரு வழக்கம். மழை கட்டினால் எந்த உப்புக் குவியல் கிட்ட இருக்கிறதோ அதைத்தான் முதலில் மூட வேண்டும். யாருடையது என்று பார்க்கக் கூடாது. கிட்ட இருந்தது ஏழுமலை அண்ணன் குவியல். ஒரு நிமிஷம் முன்பு அவரை வாய்க்கு வந்தபடி திட்டியவர்களெல்லாம் பனையோலையைத் தூக்கிக்கொண்டு அதன்மேல் ஏறினார்கள். அஞ்சலையக்காதான் முதலில். அவள் குவியலோ தூரத்தில் திறந்து கிடந்தது. அண்ணன் அதையும் பார்த்தார், தூரத்துக் குவியலையும் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஓலைக் கட்டோடு கடைசிப் பாத்திக்கு ஓடினார்.

"இதான்! இதான் அந்த ஒப்பந்தம்!" என்று மழையில் நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை. நனைந்தபடியே சபை மறுபடி கூடியது. பெரிய மோட்டார் பேச்சை அண்ணன் எடுக்கவே இல்லை. இனி முதல் முறைத் தண்ணீர் கடைசிப் பாத்திக்கு என்று முடிவானது, அவரும் தலையாட்டினார். சாவியை என் கையில் திணித்த அஞ்சலையக்கா சொன்னாள்: "உன்கிட்டயே இருக்கட்டும். ஆனா படிக்கறேன்னு மோட்டாரை ஓடவிட்டு வரப்பு உடைஞ்சிதுன்னு வச்சிக்கோ, அரசாங்கத்தை மாத்திடுவோம்!"

அன்றிலிருந்து, ஒரு சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, எப்போது கவிழ்ப்பார்களோ என்ற பயத்தில் விடிய விடிய ஒழுங்காகக் கண்விழிக்கும் அரசாங்கம், எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.