ஆறாவது வரி

எங்கள் பட்டாசுக் கம்பெனியில் வேலைக்கு வருகிறவர்கள் செல்போனை வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக முடியும். அப்படிப்பட்ட இடத்தில் எல்லோருக்கும் ஏஐ கற்றுக்கொடு என்றார் முதலாளி. ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்காருகிறவன் நான் ஒருவன்தான். விருதுநகரில் இரண்டு நாள் ஏஐ வகுப்புக்குப் போய்ச் சான்றிதழும் வாங்கி வந்திருந்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது அப்போது தெரியவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் கரும்பலகையில் ஒரு போனை வரைந்து பாடம் நடத்தினேன். தொட்டால் வேலை செய்யுமா என்று கேட்டுப் பெண்கள் சிரித்தார்கள். ஏஐ தப்பையும் உறுதியாகச் சொல்லும், விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று எழுதிப் போட்டு, எல்லோரையும் சத்தமாக வாசிக்க வைத்தேன்.

எல்லாம் ஊருக்குத்தான் உபதேசம். அடுத்த வாரம் முதலாளி வாசல் சுவருக்குப் பாதுகாப்பு போர்டு எழுதச் சொன்னபோது ஏஐயிடமே கேட்டேன். பத்து வரி வந்தது. தமிழ் அழகாக இருந்ததால் விஷயமும் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டேன். பட்டாசு மருந்தைப் பற்றி எல்லாம் தெரிந்த ஃபோர்மேன் பக்கத்து அறையில்தான் இருந்தார். சான்றிதழ் வாங்கியவன் அவரிடம் போய்க் கேட்பதா என்று ஒரு திமிர். அப்படியே பிரஸ்ஸுக்கு அனுப்பினேன்.

என் மதினி, அண்ணன் மனைவி, எங்கள் கம்பெனியில்தான் மருந்து அடைக்கும் அறையில் வேலை பார்க்கிறார். போர்டு மாட்டிய இரண்டாம் நாள் ஆபீஸ் ஜன்னல் பக்கம் வந்து நின்றார்.

“தம்பி, சிந்துன மருந்துல தண்ணி படக்கூடாது, ஈரம் பட்டா தானாச் சூடாகிப் பத்திக்கிடும்னு ஃபோர்மேன் சொல்லுவாக. ஒங்க போர்டுல ஆறாவது வரி தண்ணி தெளிச்சுக் கூட்டி அள்ளச் சொல்லுது. நாங்க யாரு பேச்சக் கேக்க?”

ஃபோர்மேனிடம் ஓடினேன். மதினி சொன்னதுதான் சரி. முதலாளியிடம் போய் போர்டைக் கழற்றிவிடலாம், இல்லை அந்த ஒரு வரிமேல் மட்டுமாவது பெயின்ட் அடித்துவிடலாம் என்று கெஞ்சினேன்.

“நேத்து செக்கிங் வந்த ஆபீசருக போட்டோ எடுத்துட்டுப் போன போர்டு இது. இப்பக் கைய வச்சா ஏன்னு கேப்பாக. சீசன் முடியட்டும்” என்றார். நானாக அதில் கை வைத்தால் மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

சீசனில் தினமும் வேனில் புது ஆட்கள் வந்து இறங்குவார்கள். யாருக்குச் சொன்னோம், யாருக்குச் சொல்லவில்லை என்று நினைவிருக்காது. அதனால் காலையில் வேன் வரும்முன் போர்டுக்குக் கீழே போய் நின்றுகொள்வேன். ஆறாவது வரி தப்பு, தண்ணீர் தெளிக்காதீர்கள், ஃபோர்மேனைக் கூப்பிடுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்வேன். காய்ச்சல் வந்தாலும் லீவு போடப் பயம். அன்றைக்கு யாராவது புதிதாக வந்துவிட்டால்?

ஒருநாள் ஏழாயிரம்பண்ணைப் பக்கமிருந்து வந்த பெண் ஒருத்தி போர்டை முழுதாக வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அப்ப இந்தத் தப்ப எழுதுனது யாருங்க?”

நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

“கம்ப்யூட்டர்” என்றேன்.

வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்ற மதினி, என் முகத்தைப் பார்க்காமல் போனைப் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போனார்.