எங்கள் வீட்டுச் சர்க்கரை

ஜெர்மனியில் நான் வேலை பார்க்கும் ஹோட்டலில், கூட வேலை செய்யும் இன்கிரிட் மதியச் சாப்பாட்டு மேசையிலேயே சட்டையைத் தூக்கி வயிற்றில் இன்சுலின் போட்டுக்கொள்வார். சூப்பில் உப்பு போதவில்லை என்று குறைபட்டுக்கொண்டே போடுவார். யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கும் பள்ளியில் படிக்கும்போதே வந்த அதே சர்க்கரைதான். ஆனால் ஊசியோடு கழிப்பறைக்குப் போய்த் தாழ்போட்டுக்கொள்வேன். இன்கிரிட் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இங்கேயும் இதைச் சொன்னால் வேலை தரமாட்டார்களாம். அவர் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முன்பு திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டு லாட்ஜ் ஒன்றில் ரிசப்ஷனில் இருந்தேன். ஒரு பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தில் சாப்பிட நேரமில்லாமல், சர்க்கரை இறங்கிச் சாய்ந்துவிட்டேன். முதலாளி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ஒரு பை சாத்துக்குடி வாங்கிக் கொடுத்து, ஆட்டோ வைத்து வீட்டுக்கு அனுப்பினார். எங்கள் பக்கம் வேலையை விட்டு அனுப்புவது இப்படித்தான். அடுத்த வாரம் என் நாற்காலியில் வேறு பெண் இருந்தாள்.

இங்கேயும் ஒருநாள் அப்படியே ஆனது. மேலாளர் ஜூஸ் கொடுத்து, டாக்ஸி வைத்து அனுப்பினார். புரிந்துவிட்டது என்று நினைத்து, லாக்கரைக் காலி செய்து சாவியை வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் அவரே போன் செய்தார். இன்னும் உடம்பு சரியாகவில்லையா, சாவியை ஏன் விட்டுப்போனாய் என்று கேட்டார். ஜெர்மன் தெரிந்தும் எனக்கு விளக்கத் தெரியவில்லை.

போன மாதம் தங்கைக்குக் கல்யாணம். கீழ்பென்னாத்தூர் மாப்பிள்ளை. நான் கேட்டதும் மேலாளர் லீவ் கொடுத்தார். அம்மாதான் போனில் தடுத்தாள்.

"மாப்ள வீட்ல யாருக்கும் தெரியாதும்மா. நீ வந்து ஊசி போட்டுக்கினு, மயக்கம் கியக்கம் வந்துச்சுன்னா அவ வாழ்க்க போயிடும். முடியட்டும், அப்பறமா வா."

அம்மாவைத் திட்டாதீர்கள். எனக்கு வந்த வரன்களெல்லாம் இந்த நோயைக் கேள்விப்பட்டுத் திரும்பிப்போனதைப் பார்த்தவள் அவள். எனக்கும் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது.

தாலி கட்டியதைச் சித்தி வீடியோ காலில் காட்டினாள். மாப்பிள்ளையின் அம்மா போனை வாங்கி, ஏன் வரவில்லை என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"அங்க லீவே குடுக்க மாட்டன்றாங்களாம்ங்க."

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"என்னா ஊரும்மா அது, கூடப்பொறந்தவ கல்யாணத்துக்குக்கூட விடாம."

ஆமாம் என்று தலையாட்டினேன். கிடைத்த லீவில், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, அறையில் தனியாக உட்கார்ந்திருந்தேன்.