ஞானஸ்நானத்துக்கு வாங்கிய ஆடு

பெரியப்பா இருந்தார். அக்கா இருந்தாள். குடும்பக் கதையை எழுத எங்களை விசாரித்துக்கொண்டு என் மகள் ஸ்டெல்லா இருந்தாள். நானும் இருந்தேன்.

ஜன்னல் வழியே தோல் பதனிடும் டேனரியின் நாற்றம் வந்தது. எழுபத்தெட்டாம் வருஷம் கைக்குழந்தைத் தம்பியைப் புதைத்த இடத்திலும் இதே நாற்றம்தான்.

பெரியப்பாதான் அவனுக்கு ஞானத்தகப்பன் ஆவதாக இருந்தது. பிரியாணி போட்டுப் பெரிதாகச் செய்யலாம் என்று ஞானஸ்நானத்தைத் தள்ளிக்கொண்டே போனார். அதற்குள் தம்பி ஜுரத்தில் செத்துப்போனான். ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்றுவிட்டார்கள். டேனரித் தண்ணீர் கலக்கும் பாலாற்று ஓரத்தில் அப்பா குழி தோண்டினார். மணல் கறுப்பாக, கொழகொழவென்று வந்தது.

அடுத்த ஞாயிறு பெரியப்பா வீட்டில் பிரியாணி. எங்களையும் கூப்பிட்டார். "வாங்கன ஆட்ட இன்னா பண்றது?" என்றார். அம்மா வாசலிலேயே வாந்தி எடுத்தாள்.

"நீங்க மொத்தம் எத்தினி பேருப்பா பொறந்தீங்க?" என்று ஸ்டெல்லா என்னைக் கேட்டாள்.

பெரியப்பா முந்திக்கொண்டார். "நாலு பேரும்மா. இன்னொண்ணு பேரே வெக்காத புள்ள. அத்த எழுதி இன்னாத்துக்கு?"

"அம்மா அவன ராஜுன்னுதான் கூப்டுச்சு" என்றாள் அக்கா, அவர் முகத்தைப் பார்க்காமல்.

நான் ஸ்டெல்லாவுக்குப் பதில் சொன்னேன்.

ஐந்து.