தையலுக்கு விட்ட ஓரம்

என் அக்கா திரைச்சீலை தைப்பவள். எதிர் மெஷினில் நான். கடையில் எல்லாரும் அவளை 'மேகம்' என்றுதான் கூப்பிடுவார்கள். கை தைத்துக்கொண்டிருக்கும், கண் துணியைத் தாண்டி எங்கோ போயிருக்கும். சன்னலில் தொங்கும் மெல்லிய துணி காற்றில் உப்பினால், அது அடங்கும்வரை மெஷினை மிதிக்கமாட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை. அவள் மகளும் ஒரு குட்டி மேகம்தான். வெட்டுமேசைக்கு அடியில் துண்டுத் துணிகளோடு வளர்ந்தவள், கணக்கில் புலி. திறமையான பிள்ளைகளுக்கென்று சனிக்கிழமைகளில் நடக்கும் சிறப்பு வகுப்புக்குத் தேர்வு எழுதியிருந்தாள். தூக்கத்தில்கூட அந்த வகுப்பைப் பற்றித்தான் பேசுவாள். அக்காவுக்கு அவளைவிட ஆசை.

ஒருநாள் அந்த வகுப்பு ஆசிரியை அக்காவையும் பெண்ணையும் கூப்பிட்டு அனுப்பினார். நானும் தொற்றிக்கொண்டேன்.

"நீள அகலக் கணக்குல எல்லா விடையும் கொஞ்சம் கூடுதலா இருக்கு. அதுலதான் மார்க் போச்சு. ஏன்மா அப்படி?"

"தையலுக்கு விடணுமே, டீச்சர்." இதுகூடவா தெரியாது என்பது போல் பார்த்தாள் பெண்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவின் முகம் வெளுத்தது. மடித்துத் தைக்க ஓரம் விடாமல் கத்தரியைத் தொடாதே என்று மகளுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து சொல்லிக் கொடுத்தவள் அக்காதான்.

ஆசிரியை புதிதாக ஒரு நீளமும் அகலமும் சொல்லிப் பரப்பைக் கேட்டார்.

"தைக்கவா, சும்மா கணக்குக்கா?"

"சும்மா கணக்குக்கு."

சொல்லி வாய் மூடவில்லை, சரியான விடை வந்தது. ஆசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மத்த டீச்சருங்களையும் கேட்டுச் சொல்றேன்" என்றார்.

அதன்பின் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. "நானே என் பிள்ளைய கெடுத்துட்டேன்டி" என்று புலம்பிக்கொண்டே இருந்தாள். அந்த நினைப்பிலேயே ஒரு வாடிக்கையாளரின் துணியை ஓரம் விடாமல் வெட்டித் தைத்தும் விட்டாள். தூக்கிப் பிடித்தால் ஒரு சாண் குறைவு!

"உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று கத்தினேன்.

"ஓரம் விடாதவங்க எப்படித்தான் வெட்டுவாங்கன்னு யோசிச்சுட்டே இருந்தேன்டி. கை வெட்டிடுச்சு."

நான் இன்னும் திட்டி முடிக்கவில்லை, ஆசிரியையின் போன் வந்தது. பெண்ணைச் சேர்த்துக்கொண்டார்கள். கத்தரியை மடியில் வைத்துக்கொண்டு அக்கா அழுதாள். சும்மா சொல்லக்கூடாது, நானும் அழுதேன்.

வாடிக்கையாளருக்கு வேறு தைத்துக் கொடுத்தோம். குட்டையானது எங்கள் வீட்டுச் சன்னலில் தொங்குகிறது. சனிக்கிழமை காலையில் பெண்ணை அனுப்பிவிட்டு, அதன் அடிவழியாகத் தரையில் விழும் வெயிலில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பாள் அக்கா. கண் வழக்கம்போல எங்கோ இருக்கும்.

"கீழ ஒரு துண்டு சேர்த்துத் தைச்சுத் தரட்டுமாக்கா?"

"வேணாம்டி. டீச்சர் கணக்குக்கு அது சரியாதான் இருக்கு."