நாலாவது சைக்கிளின் சேறு

திரும்பி வருகிற பொருள் பொய் சொல்லாது, கொண்டு வருகிற ஆள்தான் சொல்வான். எக்ஸ்ரே அக்கா இந்த ஒரு பாடத்தை வைத்துக்கொண்டுதான் பாதி ஆயுளை ஓட்டியிருந்தாள்.

மலை விடுதியில் சைக்கிள் வாடகைக்கு விடும் ஷெட் அவள் பொறுப்பு. பட்டப்பெயர் வைத்தது யாரோ தெரியாது, ஆனால் பொருத்தமாக வைத்திருந்தார்கள். இங்கே வருவதற்கு முன் ஊரில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில், விற்ற சரக்கைத் திரும்ப வாங்கும் கவுண்டரில் நின்றவள் அவள். விருந்துக்கு ஒரு நாள் போட்டுவிட்டு "அளவு சரியில்லங்க" என்று நீட்டிய சட்டையின் அக்குளை முகர்ந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். "பெட்டியைப் பிரிக்கவே இல்ல மேடம்" என்ற ஷூவின் அடியிலிருந்து புல் எடுத்துக் காட்டியிருக்கிறாள். வரிசையில் ஐம்பது பேர் கத்திக்கொண்டிருந்தாலும் அவள் கண் பொருளை விட்டு நகராது.

அவளுடைய கணவர் நேர் எதிர். வெளுத்ததெல்லாம் பால் என்பவர். ரோப்வேயின் உச்சி ஸ்டேஷனில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து தொங்கு நாற்காலிகளை நிறுத்தவும் ஓட்டவும் செய்கிற வேலை. அந்த வேலையோடு வந்ததுதான் விடுதிக்குப் பின்னால் இருக்கிற இரண்டு அறை வீடு. அவளுடைய ஷெட் வேலையும் அதை ஒட்டியே வந்தது. மகள் கீழே ஊரில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். மூன்று பேர் வாழ்க்கையும் ஒரே கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கம்பி போன மாதம் ஒரு ஆட்டம் ஆடியது. யாரோ ஒரு விருந்தாளி, சைக்கிளின் முன்பக்க ஷாக் அப்சார்பரைக் கழற்றி எடுத்துக்கொண்டு, அச்சு அசலாக அதே போலிருந்த போலியை மாட்டிவிட்டுப் போய்விட்டான். எக்ஸ்ரே அக்காவின் கண்ணிலேயே மண்ணைத் தூவிவிட்டான். மேனேஜர் அவளைவிட இளையவர், மரியாதைக்குக் குறைவில்லை. "அக்கா, உங்களை நம்பித்தான் சாவியைக் கொடுத்திருக்கேன். இன்னொரு தடவை ஆச்சுன்னா நான் வேற ஆளைப் பாக்குறதைத் தவிர வழியில்ல" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்புதான் அவளைத் தூங்கவிடவில்லை.

அன்றிலிருந்து புது ஏற்பாடு. மகள் விடுமுறைக்கு வந்தபோது விட்டுப்போன ரோஸ் நிற நெயில் பாலிஷை எடுத்து, ஒவ்வொரு சைக்கிளிலும் முக்கியமான போல்ட்டுகளின் குறுக்கே ஒரு மெல்லிய கோடு போட்டாள். பாதிக் கோடு போல்ட்டில், பாதி சட்டத்தில். எவனாவது ஸ்பேனரை வைத்துத் திருப்பினால் கோடு உடைந்து காட்டிக் கொடுத்துவிடும்.

இந்த நிலைமையில்தான் அந்த நாலு பேர் வந்து சேர்ந்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்களாம். வருடா வருடம் குடும்பத்தை விட்டுவிட்டு ஒரு மலைக்கு வந்து சைக்கிள் ஓட்டுவார்களாம். கூட்டத்துக்குத் தலைவர் ஒரு பல் டாக்டர். அவர் இருக்கிற இடத்தில் மற்றவர்கள் வாயைத் திறக்க வேண்டுமென்றால் பல்வலிதான் வர வேண்டும். அடுத்தவர் வக்கீல், அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். இன்னொருவர் மருந்துக்கடைக்காரர், தலையைக்கூட ஆட்ட மாட்டார். நாலாவது ஆள் கணக்கு வாத்தியார். ஒல்லியாக, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, கூட்டத்தில் ஒட்டாத கணக்காக நின்றார்.

முதல் நாள் மாலை மூன்று சைக்கிள்கள் செம்மண் அபிஷேகத்தோடு வந்தன. பல் டாக்டரின் முதுகில் கழுத்துவரை ஒரு சிவப்புப் பட்டை. மற்ற இருவருக்கும் அப்படியே. ஈரப் பாதையில் இறங்கினால் பின் சக்கரம் முதுகில் அப்படித்தான் கோடு போடும், அதற்கு யாரும் தப்ப முடியாது. வாத்தியார் மட்டும் இவர்களுக்கு முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சக்கரத்தில் சேறு, முட்டியில் சேறு. முதுகு மட்டும் இஸ்திரிக் கடையிலிருந்து வந்த மாதிரி இருந்தது.

"பாத்தீங்களா அக்கா எங்க வாத்திய?" என்றார் பல் டாக்டர். "நாங்க மூணு பேரும் பெரிய பாதையில உருண்டு புரண்டு வர்றோம். இவன் தனியா அந்தக் காட்டுப் பாதையில இறங்கி, வந்து டீயும் குடிச்சிட்டான்!"

"காட்டுப் பாதையா? அது ரொம்ப செங்குத்தாச்சே சார்."

"அதான் சொல்றேன். ஸ்கூல்ல ஓட்டப் பந்தயத்துல கடைசியா வந்த பய!"

வாத்தியார் சிரித்தார். பல் தெரியாத சிரிப்பு. எக்ஸ்ரே அக்காவுக்கு அந்த நிமிஷமே மனசுக்குள் மணி அடித்தது.

மறுநாள் வாத்தியாரின் முதுகிலும் சேறு இருந்தது. ஆனால் அது தெறித்த சேறு இல்லை, அப்பிய சேறு. அதிலும் விசேஷம், மற்ற மூவரின் சேறும் சிவப்பு, இவருடையது சாம்பல். இந்த மலையில் எந்தப் பாதையில் உருண்டாலும் செம்மண்தான் ஒட்டும். சாம்பல் மண் எங்கிருந்து வந்தது?

அந்த ஆள் சைக்கிளை மலைப் பாதைக்குக் கொண்டுபோகவே இல்லை. வேறெங்கோ கொண்டுபோகிறான். எங்கே? எதற்கு? யாரிடம்? போன மாதத்து ஷாக் அவள் கண்முன் வந்து நின்றது.

வீட்டுக்குப் போனாள். கணவர் அடுப்பில் முட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அந்த நாலு பேர் கூட்டம் வந்திருக்கே, அதுல கணக்கு வாத்தியார் காட்டுப் பாதையிலதான் இறங்குறாரா?"

"மேல வந்து இறங்குறாங்க. அப்புறம் யார் எந்தப் பக்கம் போறாங்கன்னு நான் என்ன கூடவேவா ஓடுறேன்?"

"நீங்க கண்ணாடிக் கூண்டுலதானே உக்காந்திருக்கீங்க. கண்ணுமா கண்ணாடி?"

"உனக்கு யாரைப் பாத்தாலும் திருடனாத்தான் தெரியும். நல்ல மனுஷன்மா அவரு."

"நல்ல மனுஷன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் முட்டையைத் தட்டில் போட்டார். தட்டை நீட்டிய கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் சேறு. நாள் முழுக்க பொத்தானை அழுத்துகிற கையில் சேறு. அதுவும் சாம்பல் நிறத்தில்.

முட்டையைத் தொடாமல் தட்டை மூடி வைத்தாள். ஊரார் பொய் சொன்னால் அது தொழில், வீட்டுக்காரர் சொன்னால்?

மூன்றாம் நாள் காலை, கூட்டம் வருவதற்கு முன்பே ஷெட்டைத் திறந்து நாலாவது சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டாள். ஒவ்வொரு போல்ட்டாகப் பார்த்தாள். முன் பிரேக்கைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் போல்ட்டில் ரோஸ் நிறக் கோடு இரண்டாக உடைந்து, விலகி நின்றது.

நியாயமாகப் பார்த்தால் அப்போதே மேனேஜரிடம் போயிருக்க வேண்டும். போனால் வாத்தியார் மாட்டுவார். அவரோடு அந்தச் சாம்பல் நகமும் மாட்டும். முதலில் தன் கண்ணால் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். போல்ட்டை அழுத்தி இறுக்கினாள், பிரேக்கை நாலு தடவை பிடித்துப் பார்த்தாள், ஒன்றும் தெரியாதவள் போல நாலு சைக்கிளையும் கொடுத்தாள். கூட்டம் ரோப்வேயில் ஏறிப் போனது. கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு "இதோ வந்துடுறேன்" அட்டையைக் கதவில் மாட்டிவிட்டு அவளும் ஒரு நாற்காலியில் ஏறினாள்.

ரோப்வேயில் ஏறுகிற நாற்காலிகள் ஒரு பக்கம், இறங்குகிறவை மறுபக்கம். இறங்குகிறவை எப்போதும் காலி, ஆட்கள் நாற்காலியில் கீழே வரக் கூடாது என்பது விடுதியின் விதி. ஆளில்லாத நடு ஸ்டேஷனைத் தாண்டியதும் மேலேயிருந்து வருகிற நாற்காலிகளை ஒன்றுவிடாமல் பார்த்துக்கொண்டே போனாள். காலி. காலி. காலி. அடுத்ததில் ஒரு ஆள்.

கணக்கு வாத்தியார்! பின்னால் கொக்கியில் நாலாவது சைக்கிள் ஆடிக்கொண்டிருந்தது. முகத்தில் புத்தம் புதுச் சாம்பல் சேறு. கண்ணை இறுக மூடிக்கொண்டு, கம்பியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்திருந்தார்.

"சார்!"

கண்ணைத் திறந்தார். எதிரே அந்தரத்தில் எக்ஸ்ரே அக்கா. நிறுத்தவும் முடியாது, ஓடவும் முடியாது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தபடியே, ஒருவர் மேலும் ஒருவர் கீழுமாகப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

உச்சியில் இறங்கினாள். கூண்டுக்கு வெளியே, புதுத் தூணுக்காகத் தோண்டிய குழி. ஆழத்தில் செம்மண் தீர்ந்து, குழி நிறையச் சாம்பல் சேறு. பக்கத்தில் ஒரு வாளி, ஒரு பெயின்ட் பிரஷ். கணவர் பிரஷைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மேக்கப் முடிஞ்சுதா?" என்றாள்.

அவர் கையிலிருந்து பிரஷ் நழுவியது.

"எவ்வளவு நாளா இந்தக் கூட்டணி? சைக்கிள்ல என்னத்தைக் கழட்டுறீங்க ரெண்டு பேரும்?"

"ஐயோ, கழட்டுறதா! அவருக்குப் பயம்மா. போன வருஷ டூர் முடிஞ்சப்புறம் ஊர்ல, வீட்டு வாசல்லயே சைக்கிள்லேர்ந்து விழுந்து தோள்பட்டை உடைஞ்சிடுச்சாம். அதுலேர்ந்து இறக்கத்தைப் பாத்தாலே கை கிடுகிடுங்குது. முதல் நாள் மத்தவங்க போனப்புறம் இங்கயே நின்னாரு. போகவும் முடியல, வரவும் முடியல. நான்தான் நாற்காலியில ஏத்தி, நடு ஸ்டேஷன்ல இறங்கிக்கச் சொன்னேன். அங்கேர்ந்து ஜீப் ரோட்டுல தள்ளிக்கிட்டே வந்துடுவாரு."

"ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சொன்னா அடுத்த வருஷம் கூப்பிட மாட்டாங்கன்னு நினைக்கிறாரு. வருஷத்துல இந்த நாலு நாள்தான் அவருக்கு இருக்கு."

"அவர் சொன்னாரு, நீங்க நம்பிட்டீங்க."

"கை நடுங்குறதை நான் பாத்தேன்மா. சேறு பூசறதுகூட முதல் நாள் அவரே பூசிக்கிட்டாரு. முதுகுல இல்லைன்னு நீ கண்டுபிடிச்சிட்டேன்னு பயந்தாரு, அதான் பிரஷ்ஷு."

"செம்மண் மலையில சாம்பல் சேறு! ரெண்டு மேதாவிங்க சேந்து யோசிச்சிருக்கீங்க. பிரேக் போல்ட்டு திருகியிருக்கு. அதுவும் பயத்துலதானா?"

கணவர் முகம் மாறியது. "அது எனக்குத் தெரியாது" என்றார். இந்த ஒரு வாக்கியத்தை அவள் நம்பினாள். அதனால்தான் பயம் இன்னும் கூடியது.

அவள் நடந்து கீழே வந்து சேர்ந்தபோது வாத்தியார் ஷெட் வாசலில் நின்றிருந்தார். முகத்தைக் கழுவியிருந்தார். அவர் வாயைத் திறக்குமுன் போல்ட்டைக் காட்டினாள்.

"நான்தான்" என்றார் உடனே. "நேத்து நடு ஸ்டேஷன்ல, என்கிட்ட இருந்த ஸ்பேனரை வச்சு. பிரேக் ரிப்பேர்னு சொன்னா இன்னிக்கு மேல போகாம இருக்கலாம்னு. அப்புறம் வேற யாராவது இதை எடுத்துட்டுப் போய்ட்டா என்ன ஆகும்னு தோணுச்சு. திரும்ப இறுக்கிட்டேன்."

"இறுக்குனது போதுமான்னு உங்களுக்குத் தெரியுமா சார்? பிரேக் கையோட வந்துட்டா? கணக்கு வாத்தியார் போடுற கணக்கா இது?"

அவர் தலைகுனிந்தார். அவள் பிரேக்கைக் கழற்றி கம்பெனி முத்திரையைப் பார்த்தாள். அசல். ஷாக், கியர், எல்லாம் அசல். நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியது. இறங்கின பாறை காலிலேயே விழுந்தது, பின்னால் மேனேஜர் நின்றிருந்தார்.

"என்ன அக்கா, ஷெட்டைப் பூட்டிட்டு எங்க போனீங்க? சைக்கிளுக்கு என்ன?"

அவள் பதில் சொல்லுமுன் மூன்று செம்மண் உருவங்கள் கூச்சலோடு வந்து நின்றன.

"பிரேக் போல்ட் லூஸ் ஆகியிருக்கு சார்" என்றாள் மேனேஜரிடம். "பார்ட் எல்லாம் அசல்தான், நீங்களே பாருங்க. ஆனா முழுசாப் பாக்காம இதை இனிமே இறக்கத்துக்கு விட முடியாது."

வாத்தியார் அவளை நன்றியோடு பார்த்தார். அந்த நன்றியைப் பல் டாக்டர் ஒரே வாக்கியத்தில் உடைத்துப் போட்டார்.

"அட, அதுக்கென்ன! வாத்தி, நாளைக்குக் கடைசி நாள், என் சைக்கிளை நீ எடுத்துக்கோ. காட்டுப் பாதையை முடிச்சவன் நீ. நாங்க மூணு பேரும் கீழ நின்னு வீடியோ எடுக்கிறோம்!"

"ஆமா ஆமா" என்றார் வக்கீல்.

வாத்தியார் அந்தச் சைக்கிளைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

"நான் இறங்கவே இல்லடா."

"என்னது?"

"ஒரு நாள்கூட இறங்கல. பயமா இருந்துச்சு. சேத்தைப் பூசிக்கிட்டு வந்தேன்."

பல் டாக்டர் தன் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டார்: "அந்தப் பாறை மேல குதிச்சேன்னு சொன்னியே?"

"பொய்."

"போன வருஷம் அந்த ஏரிக்கரை இறக்கம்?"

"அது நிஜம். நீயும்தானே கூட வந்த."

"வந்தேன்..." என்று இழுத்தார் பல் டாக்டர். கூடவே ஓட்டியதையே இப்போது நம்ப முடியாதவர் மாதிரி. அந்த இழுப்பு எக்ஸ்ரே அக்காவுக்கு நன்றாகத் தெரியும். நேற்று ராத்திரி கணவர் பக்கத்தில் படுத்துக்கொண்டு இத்தனை வருஷத்துச் சேதியையும் அவள் அப்படித்தான் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள்.

"அப்போ கீழ எப்படி வந்தீங்க?" மேனேஜர் கேட்டார். குரலில் சிரிப்பு இருந்தது, அந்தப் பழைய சிரிப்பு. "ரோப்வேல யாரும் இறக்கி விட்டாங்களா?"

"இல்ல சார்" என்றார் வாத்தியார். "தள்ளிக்கிட்டே நடந்து வந்தேன்." இந்த மூன்று நாளில் அவர் தடுமாறாமல் சொன்ன ஒரே பொய் அது.

மேனேஜர் அவள் பக்கம் திரும்பினார். "அக்கா, உங்க கண்ணுக்குத் தப்பாது. நீங்க சொல்லுங்க."

திரும்பி வருகிற பொருளைப் பார்த்து ஆளைச் சொல்கிறவள். ஒரு சட்டைக்கு, ஒரு ஜோடி ஷூவுக்குக்கூட விட்டுக் கொடுக்காதவள். அவள் குனிந்து வாத்தியாரின் ஷூவைப் பார்த்தாள். ஜீப் ரோட்டுத் தூசி மெலிசாகப் படிந்திருந்தது. பாதி தூரம் நடந்தது உண்மைதான்.

"நடந்துதான் வந்திருக்காரு சார்" என்றாள். "ஷூவே சொல்லுது."

மேனேஜர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவளை நம்பிவிட்டார். அவள் காது மடல் சுட்டது.

நண்பர்கள் விடுதிப் பக்கம் நடந்தார்கள். மூன்று பேர் முன்னால், வாத்தியார் பின்னால். கொஞ்ச தூரம் போனதும் அதுவரை வாயே திறக்காத மருந்துக்கடைக்காரர் நின்றார். "ஜீப் ரோடு எப்படி இருக்கு? நாளைக்கு நானும் அதுல வர்றேன். எனக்கு முட்டி போச்சு" என்றது காற்றில் வந்தது. பல் டாக்டர் இருவரையும் மாறி மாறி, சந்தேகமாகப் பார்த்தார்.

சாயங்காலம் கணவர் வந்தார். நகத்தைத் தேய்த்துக் கழுவியிருந்தார்.

"காப்பாத்திட்டியாமே. வாத்தியார் வந்து சொன்னாரு."

"கையை நீட்டுங்க."

நீட்டினார். அவள் ரோஸ் பாட்டிலைத் திறந்து, அவர் கட்டைவிரல் நகத்தில் பாதி, தோலில் பாதியாக ஒரு கோடு போட்டாள்.

"ஏம்மா, நாளைக்கு வேலைக்குப் போகணும். நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

"எதையாவது மறைச்சா கோடு உடையும்."

"உடையாது" என்றார் அவர், வெளுத்ததெல்லாம் பால் என்கிற அதே முகத்தோடு.

அவள் ஊதிக் காயவைத்தாள். பிறகு விளக்குப் பக்கம் அந்த விரலைத் திருப்பி, இன்னொரு முறை பார்த்துக்கொண்டாள்.