துரை தோட்டத்துக் காலி இடம்

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் வழியில் ஒரு பழைய கல்லறைத் தோட்டம் இருந்தது. வெள்ளைக்காரப் பட்டாளம் முகாம் போட்டிருந்த காலத்தில் செத்தவர்களைப் புதைத்த இடம். ஊர்க்காரர்களுக்கு அது துரை தோட்டம். துரைகள் போய் வெகுகாலம் ஆகியும் பெயரை யாரும் மாற்றவில்லை. கல்லறைகளின் மேல் வறட்டி தட்டிக் காயவைத்தார்கள். ஒரு கேப்டனின் கல்லறைதான் தெருப் பையன்களுக்குக் கிரிக்கெட் ஸ்டம்பு.

அங்கேதான் என் மகனும் இருந்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் குடியேறியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு ஃபேக்டரியில் வேலை, எனக்குப் பள்ளிக்கூடத்தில். முதல் பிரசவத்தில் பிள்ளை அழாமலே பிறந்தான். நாங்கள் கத்தோலிக்கர்கள். ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைக்குக் கோயில் கல்லறையில் இடம் கிடையாது. அன்றைக்கு எங்கள் ஆட்களிடம் வழக்கம் அப்படி. சிலுவை கிடையாது, கல் கிடையாது, பெயரும் கிடையாது. அப்படிப்பட்ட பிள்ளைகளைத் துரை தோட்டத்தில் கிடைத்த இடத்தில் புதைப்பார்கள். தாய் கூடப் போகக் கூடாது. நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். என் வீட்டுக்காரர்தான் துண்டில் சுற்றி எடுத்துப் போனார். திரும்பி வந்து, "மேக்கு மதிலோரம், வேப்பமரத்துக்கு அடியில" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அதன் பிறகு எங்களுக்குக் குழந்தை இல்லை. கல்லறைத் திருநாள் அன்று எல்லோரும் பூவும் மெழுகுவத்தியுமாகத் தங்கள் ஆட்களின் கல்லறைக்குப் போவார்கள். நான் அந்த வேப்பமரத்தடிக்குப் போவேன். வீட்டுக்காரர் வாசல் வரைக்கும்தான் வருவார். ஏன் என்று கேட்டால், சைக்கிளுக்குப் பூட்டு இல்லை என்பார். பூட்டு வாங்கிக் கொடுத்தேன். அப்போதும் வரவில்லை. ஆம்பிளைக்கு அழ வெட்கம், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

தொண்ணூறுகளில் கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகள் சிலர் தங்கள் பேராசிரியையோடு வந்து இறங்கினார்கள். பழமை கெடாமல் அந்த இடத்தை ஊருக்குப் பொதுவான இடமாக மாற்றப் போகிறார்களாம். வழக்கமாக நம் ஊரில் திறப்பு விழாக் கல்லில் யார் பெயர் என்று முடிவான பிறகுதான் மற்றதைப் பேசுவார்கள். இவர்கள் வேறு தினுசு. வந்ததும் அளவு நாடாவை எடுக்கவில்லை. வாரக்கணக்கில் சும்மா உட்கார்ந்து பார்த்தார்கள். யார் எந்த வழியாகக் குறுக்கே நடக்கிறார்கள், வெயிலுக்கு எங்கே ஒதுங்குகிறார்கள் என்று. "கேக்காம கோடு போடக் கூடாது டீச்சர்" என்பார் பேராசிரியை. எனக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது. தெருத் தெருவாக அழைத்துப் போய் நானே ஆட்களைப் பேச வைத்தேன்.

"தொரை தோட்டத்துல பார்க் வர்தாமே? அப்பொறம் எங்க வறட்டிய எங்க தட்றதாம்?" என்று சண்டைக்கு வந்த பால்காரம்மாவிடம்கூட, "எங்க தட்டினா உங்களுக்கு வசதி?" என்றுதான் கேட்டார்கள். அவள் திகைத்துப்போய், "இன்னா டீச்சரு, திட்னா கூட எழுதிக்கினு போவுதுங்க" என்றாள் என்னிடம்.

பிறகு தரையிலேயே சுண்ணாம்புப் பொடியால் முழு அளவுக்குக் கோடு போட்டார்கள். பெஞ்சுக்குப் பதில் செங்கல் அடுக்கு, ஊஞ்சலுக்குப் பதில் மூங்கில். நடந்து பாருங்கள், உட்கார்ந்து பாருங்கள், சரியில்லை என்றால் அழித்துவிட்டு வேறு மாதிரி போடலாம் என்றார்கள். ரோட்டைப் பார்த்து உட்கார மாட்டோம் என்று பெண்கள் சொன்னதும் பெஞ்சுகள் திரும்பின. வறட்டிக்குப் பின்பக்கச் சுவர் கிடைத்தது. பிறந்த சில மாதங்களில் செத்துப்போன ஒரு வெள்ளைக்காரக் குழந்தையின் பளிங்குக் கல்லைப் பாசி போகச் சுரண்டி, யாரும் மிதிக்காதபடி சுற்றிலும் கயிறு கட்டினார்கள்.

மேற்கு மதிலோரம், வேப்பமரத்தடியில், ஊஞ்சலுக்கான மூங்கில் நின்றது.

"இங்கயா?" என்றேன்.

"இது ஒண்ணுதான் டீச்சர் காலி இடம்" என்றான் ஒரு மாணவன். வரைபடத்தைப் பெருமையோடு விரித்துக் காட்டினான். அவன் சொன்னதில் பொய் இல்லை. கல் இருந்த இடம் ஒன்று விடாமல் அதில் இருந்தது.

"காலி இல்லப்பா" என்றேன். பேராசிரியை என்னைச் செங்கல் பெஞ்சில் உட்கார வைத்தார். அத்தனை வருஷம் யாரிடமும் வாய் திறக்காததை, முன்பின் தெரியாத பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து சொன்னேன். வரைபடம் காட்டியவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான்.

"சரியா எந்த இடம்னு மட்டும் காட்டுங்க டீச்சர்" என்றார் பேராசிரியை. "ஊஞ்சல எடுத்துடறோம். அங்க ஒரு கல் வெப்போம்."

கல்! என் பிள்ளைக்கு ஒரு கல். ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். அவனைப் பெற்றதற்குப் பிறகு நான் சந்தோஷமாக இருந்தது அந்த அரை மணி நேரம்தான்.

வீட்டுக்காரர் அப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து வந்து குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். "நாளைக்கு நீங்க வந்து இடத்தக் காட்டணும்" என்றேன். அவர் திரும்பவில்லை. கழுவிய கையையே கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, நான் உள்ள போவல."

"எப்ப?"

"அன்னைக்கு. வாசல் தாண்டி கால் வரல. குழி வெட்டுத ஆள் கையில குடுத்துட்டேன். அவன் எங்க வச்சான்னு பாக்கல. நீ எங்கன்னு கேட்டுருவியோன்னு பயமா இருந்துச்சு. வாசல்ல நின்னா தெரியுதது அந்த வேப்பமரம் ஒண்ணுதான். அதச் சொல்லிட்டேன்."

குழி வெட்டியவர் செத்து வருஷக்கணக்கு ஆகிவிட்டது. இனி யாரைக் கேட்பது? நான் என் வீட்டுக்காரரை அடித்தேன். கல்யாணமான நாளிலிருந்து கை ஓங்காதவள், ஆத்திரம் தீர முதுகில் மாறி மாறி அடித்தேன். அவர் குழாயைக்கூட மூடாமல் நின்று வாங்கிக்கொண்டார். எனக்குத்தான் கை வலித்தது.

மறுநாள் பேராசிரியை சுண்ணாம்புப் பொடிச் சட்டியோடு காத்திருந்தார். "எந்த இடம் டீச்சர்?"

வேப்பமரத்தடி என்று சொல்லிக் கல்லை வாங்கியிருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் எனக்குத் தெரியுமே. வெறும் மண்ணுக்கு நான் மெழுகுவத்தி ஏற்றியது போதும் என்று இருந்தது. ஊஞ்சலை எடுக்கச் சொன்னாலும் எங்கே கொண்டுபோய் வைக்கச் சொல்வேன்? அந்த இன்னொரு இடத்தில் அவன் இருந்தால்?

"ஊஞ்சல் இங்கயே இருக்கட்டும்மா" என்றேன். கேட்டுக் கேட்டுக் கோடு போட்டவர், அன்றைக்குக் கோடு போடாமலே சட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

பூங்கா நன்றாக வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். பால்காரம்மாவே சாயங்காலம் ஊரில் பாதியை அங்கே கூட்டி வைத்துக் கதை பேசினாள். ஊஞ்சலில் ஒரு நிமிஷம் இடம் கிடைக்காது.

நானும் தினமும் போவேன். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுவேன். "இன்னா டீச்சரம்மா, வெறுங்கால்ல நடந்தா சக்கர கொறையுதாமே?" என்று கேட்டார் வாட்ச்மேன். ஆமாம் என்று சொல்லி வைத்தேன். நடைபாதை, புல்தரை, ஊஞ்சலடி என்று பார்க்காமல் எங்கும் மெதுவாகத்தான் கால் வைப்பேன். எந்த இடம் என்று தெரிந்திருந்தால் அதை மட்டும் சுற்றிக்கொண்டு போயிருப்பேன்.

ஒரு சுற்று முடிந்து திரும்பினால் வாசல் தெரியும். என் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் வெளியே நிற்பார்.