ஆறு கூலியாள், ஒரு குதிரைக்காரன்

பிள்ளைகளே, நீங்கள் மேஜையில் வரைபடம் விரித்து, பல முகப் பகடையை உருட்டி, யாருடைய வீரன் பலசாலி என்று சண்டை பிடிக்கும்போது நான் கதவோரம் நின்று பார்ப்பேன். அப்பாவுக்கு இதில் என்ன புரியும் என்று சிரிப்பீர்கள். புரியும். நானும் ஆடியிருக்கிறேன். பத்தாம் வகுப்போடு நின்ற படிப்பு என்னுடையது. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குடவாசல் பக்கத்தில் எங்கள் ஊர். உங்கள் தாத்தாவுக்கு ஒரு மிராசுதார் பண்ணையில் கூலி வேலை. அந்த மிராசுதாரின் மகனும் நானும் ஒன்பதாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. தெருவில் அவனை நான் "சின்னய்யா" என்றுதான் கூப்பிட வேண்டும். அவர்கள் வயலில் இருந்த மோட்டார் கொட்டகைக்குள் போய்விட்டால் "டா". ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கேதான் ஆட்டம்.

புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெளுக்கும்வரை தரையில் தேய்த்து வைத்திருந்தோம். உருட்டினால் எத்தனை வெள்ளை மேலே விழுகிறதோ எதிராளிக்கு அத்தனை அடி; அடிக்கு ஒரு உயிர் போகும். அவன் எப்போதும் குதிரைக்காரன்: பன்னிரண்டு உயிர், ஒரு வீச்சுக்கு நாலு கொட்டை. நான் அரிவாள் பிடித்த கூலியாட்கள்: ஆளுக்கு மூன்று உயிர், ஒரு கொட்டை. அவன் ராஜா குரலில், "யாரடா அங்கே, வழிவிடு!" என்பான். நான், "வரப்பு எங்களுது, இறங்கிக் குதிரையை நடத்திக்கிட்டுப் போங்க" என்பேன்.

கணக்கில் அவன் கெட்டிக்காரன். கொட்டையில் பாதி வெள்ளையாக விழும், அந்தச் சராசரி அடியை உயிரால் பெருக்கினால் ஆளின் பலம் வந்துவிடும் என்றான்.

"குதிரைக்காரன் இருபத்துநாலு. உன் ஆளு ஒன்றரை. பதினாறு பேரு சேந்தாத்தான்டா ஒரு குதிரைக்காரன்."

"ஆறு பேரு போதும்."

பத்து ஆட்டம் ஆடினோம். ஏழு எனக்கு. அவனுக்குப் பொறுக்கவில்லை. கொட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கொட்டையில ஒண்ணும் இல்ல" என்றேன். "நீ ஒவ்வொருத்தனையா அளந்து கூட்டுறே. ஒருத்தன் அடி வாங்குறப்ப மத்த அஞ்சு பேரும் சும்மாவா நிக்கிறானுங்க?"

கொட்டையைக் கீழே வைத்தான். பிறகு, "சரி. ஆனா ஒருத்தன் விழுந்தா மத்தவன் ஓடிடுவான். அதைச் சேக்கலையே" என்றான்.

"எங்காளு ஓட மாட்டான்."

"ஓடுவான்."

"நீ பாத்தியா?"

"நீ பாத்தியா?"

இரண்டு பேரும் பார்த்ததில்லை. அடுத்த ஞாயிறு முடிவு செய்வோம் என்று பிரிந்தோம்.

அதற்குள் அறுப்பு வந்துவிட்டது. ஆட்சி மாறியிருந்த சமயம், ஊருக்கு ஊர் ஒலிபெருக்கியில் கூலி உயர்வுப் பேச்சு. கூலி ஏற்றிக் கொடுத்தால்தான் அறுப்போம் என்று எங்கள் தெரு நின்றுவிட்டது. மிராசுதார் வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கினார். எங்கள் ஜனங்கள் வரப்பில் வரிசையாக நின்றார்கள். நானும் நின்றேன். எதிரே ஜீப் பக்கத்தில் அவன். யாரோ தடியை வீச, என் அப்பா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். விரல் இடுக்கில் ரத்தம். இனி எல்லோரும் ஓடப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் நகரவில்லை. கடைசியில் லாரி திரும்பிப் போயிற்று.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்பாவைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிப் போகும்போதே, அவன் இனி கொட்டகைக்கு வருவானா என்றுதான் மனம் அடித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை போய்க் காத்திருந்தேன். வந்தான். உட்காரவில்லை.

"தஞ்சாவூர் ஹாஸ்டல்ல சேக்கப் போறாங்க. நாளைக்கே" என்றான். "உங்கப்பாவுக்கு எப்படி இருக்கு?"

"ஏழு தையல்."

தலை குனிந்தான். "எங்காளுதான் அடிச்சான்." அப்புறம் மெதுவாக, "உங்காளு ஓடலடா" என்றான்.

"நான் ரெண்டு அடி பின்னால போனேன்."

"நான் ஜீப்புல ஏறிட்டேன்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் அவன் கேட்டான்: "அந்த ஓடாம நிக்கிறதுக்கு எவ்வளவுடா போடலாம்? ஆளுக்கு ஒரு உயிர் கூட்டலாமா? இல்ல, மொத்தத்தையும் பெருக்கணுமா?"

ஆடிப் பார்க்கலாம் என்று கொட்டையை எடுத்தேன். அதற்குள் பண்ணையாள் வரப்பிலிருந்து குரல் கொடுத்தார்: "சின்னய்யா, ஐயா கூப்பிடுறாங்க!" அவன் போய்விட்டான்.

பிறகு நிலத்தை விற்றார்கள், குடும்பமே ஊரை விட்டுப் போயிற்று. எங்கோ வெளிநாட்டில் இருக்கிறான் என்று கேள்வி. அவன் கேட்டதை நாற்றுப் பறிக்கும்போதும், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரும்போதும் எத்தனையோ தரம் யோசித்துவிட்டேன். கூட்டினால் போதாது, பெருக்கணும்டா என்று அவனிடம் சொல்ல வேண்டும். சட்டென்று ஒத்துக்கொள்ள மாட்டான். பத்து ஆட்டம் ஆடிப் பார்த்துவிடலாம் வா என்பான்.

எனக்கு அந்தப் பத்து ஆட்டம் வேண்டும். பத்திலும் தோற்றாலும் பரவாயில்லை.